மாசியில் பூட்டிய வீடுகள்

மறுபடியும் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். பணி ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. முழங்கால் இரண்டும் மாடிப்படியைக் கண்டாலே மிரள்கின்றன, சர்க்கரை வேறு. எதைச் சொன்னாலும் தலைமையாசிரியர் கையை விரித்தார். "லிஸ்ட்டு மேலருந்து வந்துருச்சு டீச்சர், நான் என்ன பண்ண?" மேலேயிருந்து எது வந்தாலும் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் தலையில்தான் விழும். ஓட்டுச்சாவடியில் உட்காருவது நாங்கள், சத்துணவு முட்டையை எண்ணுவது நாங்கள், நாட்டு மக்களை எண்ணுவதும் நாங்கள். போடிநாயக்கனூரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தெருத்தெருவாக அலைவது எனக்கு இது மூன்றாவது முறை.

இந்த முறை காகிதம் கிடையாது, எல்லாம் கைப்பேசியில் என்றார்கள். பயிற்சி வகுப்பில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, எதைத் தொட்டால் எது ஓடும் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தோம். பாடம் எடுத்தவர் சுறுசுறுப்பான இளைஞர். "வீடு பூட்டியிருந்தா மறுபடி போய்ப் பாக்கணும். பக்கத்துல விசாரிச்சுட்டு அப்படியே வந்துரக் கூடாது" என்றார். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த டீச்சர், "என்னக்கா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். போன கணக்கெடுப்பில் அந்த ஒரு விதியை ஒருவர் சரியாகக் கடைப்பிடித்திருந்தால், ஒருவேளை என் அண்ணன் இன்றைக்கும் மலையில் இருந்திருப்பார். அதை அங்கே உட்கார்ந்து யாருக்கு விளக்குவது? இங்கே எழுதுகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் பிறந்தது குரங்கணிக்கு மேலே ஒரு மலைக்குடியில். ஜீப்பு நின்றுவிடும் இடத்திலிருந்து காலையில் நடக்கத் தொடங்கினால் உச்சிவெயிலுக்குள் போய்ச் சேரலாம். சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில வீடுகள், சுற்றிலும் நிழல் மரங்கள், அவற்றின் கீழே ஏலமும் காப்பியும், மரத்தைப் பற்றி ஏறும் மிளகு. ஏலத்தோட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது போடிமெட்டு வழியாகக் கேரளத்துப் பக்கம் போகும் வேலையாட்கள்தான். விடியக்காலம் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, பொழுது சாய இறங்குகிறவர்கள். நாங்கள் அந்த வகை இல்லை. எங்கள் முன்னோர் ராசிங்காபுரத்துப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்தவர்கள். ஒரு பஞ்சத்தில் அது கையை விட்டுப் போக, மலையேறி அங்கேயே காடு திருத்தி உட்கார்ந்துவிட்டார்கள். ஜமீன் காலத்திலேயே ஏறிவிட்டோம் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. கையில் பட்டா கிடையாது. கேட்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை.

என்னைப் படிக்க வைப்பதற்காக ராசிங்காபுரத்துச் சொந்தக்காரர் வீட்டில் விட்டார்கள். படித்தேன், டீச்சரானேன், போடியில் வாக்கப்பட்டேன். அண்ணன் மேலேயே இருந்தார். அவ்வப்போது இறங்கி வந்து என் வீட்டில் ஒரு பை மிளகையும் ஒரு புதுக் குறையையும் வைத்துவிட்டுப் போவார். பாதை இடிந்துவிட்டது, காட்டுமாடு ஏலச்செடியை மிதிக்கிறது, மழை வரவில்லை, வந்தால் நிற்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்திருந்தது. அதனால், போன கணக்கெடுப்புக்குச் சில மாதங்கள் முன்பு அவர் வனத்துறை நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியபோதும் நான் உடனே வாங்கிப் படிக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

நோட்டீஸில் இருந்தது இதுதான். நீங்கள் இருப்பது காட்டு நிலம். மூன்று தலைமுறையாக அங்கே குடியிருக்கிறோம் என்று நிரூபித்தால் வன உரிமைச் சட்டப்படி உரிமை கேட்கலாம். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

"மூணு தலமொறைக்கு நான் எங்க போக?" என்றார் அண்ணன். "நீதான் படிச்சவ. அந்தக் காலத்துலயே வெள்ளைக்காரன் ஆள் கணக்கு எடுத்துருக்கானாம்ல. அதுல நம்ம குடி இல்லாமயா போகும்? பாத்துக் கொண்டா."

"அதுக்கு மதுரை, மெட்ராசுன்னு அலையணும்ணே."

"அலை. ஒனக்கென்ன, பஸ்சுதான? நான் நடக்குற நடைக்கு அது ஒரு சோலியா?"

அலைந்தேன். சனிக்கிழமைகளெல்லாம் அதற்கே போயின. மதுரையில் ஒரு பழைய நூலகத்தில், மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கும் என்று அதை நிறுத்திவிடுவார்கள். வியர்வையை முந்தானையால் ஒற்றி ஒற்றி அந்தத் தடித்த இங்கிலீஷ் புத்தகங்களைப் புரட்டினேன். ஜில்லாவைப் பற்றி, மழையைப் பற்றி, எந்தச் சாதிக்காரன் எப்படிப்பட்டவன் என்பதைப் பற்றியெல்லாம் துரைமார் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார்கள். சிலதைப் படித்தால் சிரிப்பு வரும், சிலதைப் படித்தால் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரத் தோன்றும். கடைசியில்தான் அட்டவணைகள். ஊர்ப்பெயர், வீடு, ஆண், பெண்.

அந்த அட்டவணைகளை வரிசையாகப் பார்த்தால் எங்கள் பக்கத்துச் சரித்திரமே தெரியும். முதல் புத்தகங்களில் போடி ஒரு ஜமீன் ஊர், அவ்வளவுதான். பிறகு மலைக்கு அந்தப் பக்கம் தேயிலையும் ஏலமும் பரவப் பரவ, இந்தப் பக்கம் ஊர் வீங்குகிறது. மலையுச்சியிலிருந்து இரும்புக் கயிற்றில் தேயிலைப் பெட்டி இறங்கிய காலத்தில் அடிவாரத்துச் சிற்றூர்களில்கூட ஆண்கள் எண்ணிக்கை திடீரென்று ஏறும்; பெண்கள் அவ்வளவு ஏறமாட்டார்கள். லோடு தூக்க வந்த ஆட்கள் என்று நானே புரிந்துகொண்டேன். சில மானாவாரிக் கிராமங்கள் ஒரு பத்தாண்டில் பாதியாகச் சுருங்கும். அவர்கள் எங்கே போனார்கள் என்று அட்டவணை சொல்லாது. எனக்குத் தெரியும், மேலே போனார்கள். அதில் ஒரு பங்குதான் நாங்கள்.

அந்தக் காலத்துக் கணக்கெடுப்பு முறையையும் முன்னுரையில் படித்தேன். இப்போது மாதிரி வாரக்கணக்காக வீடு வீடாக அலைந்து எழுதுவதில்லை. முதலில் கணக்கப்பிள்ளை போய்க் கதவுக்குக் கதவு செங்காவியால் நம்பர் போட்டுவிட்டு வருவார். பிறகு குறித்த ஒரே இராத்திரியில், தேசம் முழுவதும், யார் எங்கே படுத்திருக்கிறார்களோ அங்கேயே அவரை எழுதிவிட வேண்டும். சத்திரத்தில் இருந்தால் சத்திரத்தில், வண்டிப்பாதையில் இருந்தால் வண்டிப்பாதையில். பெரிய திருவிழா நாட்களைத் தவிர்த்து, நிலா வெளிச்சம் பார்த்து நாள் குறித்தார்களாம். நல்ல ஏற்பாடுதான். எங்கள் பக்கத்துச் சின்னச் சின்னக் குலசாமிகளைப் பற்றி மட்டும் அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

எங்கள் குடியின் பெயர் இருந்தது. உச்சரிப்பைக் கன்னாபின்னாவென்று கெடுத்திருந்தாலும் எங்கள் பெயர்தான். பக்கத்து ஊர்களும் எல்லையும் பொருந்தின. விரலை அந்த வரியின் மேல் வைத்து நகர்த்தினேன். வீடு என்ற இடத்தில் கோடு. ஆண், கோடு. பெண், கோடு. குடியில்லாத ஊர் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அடுத்த புத்தகத்தை எடுத்தேன், அதிலும் அப்படியே. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த புத்தகங்களிலும் ஒன்று தவறாமல் அப்படியே. நான் பிறந்து, தவழ்ந்து, அட்டை கடித்து அழுத ஊரில் ஆள் யாருமே இருந்ததில்லை.

பஸ்சில் திரும்பும்போது கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எந்தச் சோம்பேறி மலையேறச் சங்கடப்பட்டு வீட்டிலேயே உட்கார்ந்து கோடு போட்டான் என்று முகம் தெரியாத கணக்கப்பிள்ளைகளை எல்லாம் வைதுகொண்டே வந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போதுதான் முன்னுரையில் பார்த்த மாதங்கள் நினைவுக்கு வந்தன. பெரும்பாலும் பிப்ரவரி கடைசி, இல்லாவிட்டால் மார்ச் முதல் பாதி. தமிழ் மாதத்தில் போட்டுப் பார்த்தேன். மாசி.

மாசியில் எங்கள் மலையில் யாரும் இருக்கமாட்டோம்.

ஏலக்காய் எடுப்பு தை மாதத்தோடு முடிந்துவிடும். காயை உலர்த்தும் அடுப்பு அணைந்துவிடும். அதற்குப் பிறகு கோடை மழை விழும்வரை மேலே பெரிய வேலை கிடையாது. மாசி பிறந்ததும் கதவைச் சாத்திக் கொடிக்கயிற்றால் கட்டிவிட்டு, நாய், கோழி, கைக்குழந்தை என்று மொத்தக் குடியும் இறங்கிவிடும். சிவராத்திரிக்குக் குலசாமி கோயில். ராசிங்காபுரத்துக்குத் தெற்கே தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கூரைக் கோயில், சுற்றிலும் புளியமரங்கள். சாமியின் வாளும் துணியும் மணியும் இருக்கும் பெட்டியை எங்கள் வீட்டு ஆண்பிள்ளைதான் மலையிலிருந்து தோளில் சுமந்து வர வேண்டும். அப்பா சுமந்தார், பிறகு அண்ணன். பெட்டி வராமல் பொங்கல் பானை அடுப்பேறாது. சிவராத்திரி, மறுநாள் சாமி வேட்டைக்குப் புறப்படும் பாரிவேட்டை, அதன்பின் மொட்டை, காதுகுத்து, கல்யாணப் பேச்சு, உறவுக்காரர் தோட்டத்தில் கடலை பிடுங்கும் வேலை என்று மாதம் ஓடிவிடும். முதல் மழைக்கு மறுபடி ஏறுவோம். எனக்கு நினைவு தெரிந்து ஒரு வருடம்கூட இது மாறியதில்லை.

அப்படியென்றால் எங்களை எழுதத்தான் செய்திருக்கிறார்கள். புளியமரத்தடியில், சோளக்கொல்லை ஓரத்தில், வந்து தங்கியவர்கள் என்று எழுதியிருப்பார்கள். ஜில்லா மொத்தத்தில் நாங்கள் குறையவில்லை. மலையில்தான் இல்லை. யாரையும் வைய முடியவில்லை என்பதுதான் எனக்கு அதிக ஆத்திரமாக இருந்தது.

அண்ணன் அடுத்த வாரம் வந்தார். காப்பியைக் கையில் வாங்கும் முன்பே கேட்டார்.

"என்னத்தா, இருக்கா?"

"ஊர்ப் பேரு இருக்குண்ணே."

முகம் அப்படி மலர்ந்தது. "நான் சொன்னேன்ல? ஆளு?"

"ஆள் இல்லைன்னு போட்டிருக்கு."

"எந்தப் புஸ்தகத்துல?"

"எல்லாத்துலயும்."

விளக்கிச் சொன்னேன். காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

"சாமி கும்புடப் போனவனுக்கு வீடு இல்லைன்னு எழுதுவானா?" என்றார் கடைசியில். "எங்கய்யன் அங்கதான் செத்தாரு. அவரப் பொதைச்ச எடம் இருக்கு. அதக் காட்டுனா பத்தாதாக்கும்?"

பத்தவில்லை. உரிமை கேட்டு மனுப் போட்டு விசாரணைக்குப் போனோம். எங்கள் மனுவை வைத்திருந்த அதிகாரி நல்ல மாதிரி, அவரும் களைத்துப்போயிருந்தார். மேஜை மேல் எங்களைப் போல எத்தனையோ கட்டுகள். புத்தகத்தின் நகல்கள் எங்களுக்கு முன்பே கோப்பில் வந்து உட்கார்ந்திருந்தன. மாசி, குலசாமி, பெட்டி என்று நான் ஆதியோடந்தமாகச் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். "நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும்மா. ஆனா எனக்குக் காகிதம் வேணுமே" என்றார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் ஒன்று சொன்னார். "இந்த மாசியில கணக்கெடுப்பு வருதுல்ல? அதுல உங்க ஊருல ஆள் இருக்குன்னு பதிவாகட்டும். பழசெல்லாம் தப்புன்னு எழுதுறதுக்கு எனக்கு ஒரு பிடி கிடைக்கும். அதுவரைக்கும் ஃபைல நிறுத்தி வைக்கிறேன்."

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். படியிறங்கும்போதே முடிவு பண்ணிவிட்டார். இந்த மாசியில் குடி இறங்காது.

மேலே போய்ச் சொன்னதும் பெரிய சண்டை. அவருடைய பேரனுக்கு அந்த மாசியில்தான் முதல் மொட்டை வைத்திருந்தார்கள். மதினி எனக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினார். "ஏம்மா, நீ படிச்சவதான, ஒங்கண்ணனுக்குப் புத்தி சொல்லக் கூடாதா? கொலசாமிய விட்டுப்புட்டு கெவருமெண்டு ஆளுக்காகக் காத்துக் கெடக்கணுமாக்கும்? பிள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா அந்த ஆபீசரா வந்து நிப்பாரு?" இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நியாயங்களைக் கேட்கவே எனக்கு அசதியாக இருந்தது.

கடைசியில் எல்லோரும் இறங்கினார்கள், அண்ணன் ஒருவரைத் தவிர. ஒரு வீடு திறந்திருந்தாலே போதும், ஊரில் ஆள் இருக்கிறது என்று ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்கும்கூட. பெட்டியைப் பங்காளி மகன் தோளில் ஏற்றி அனுப்பினார். ஒரு தடவை தோள் மாறினால் அந்த உரிமை திரும்பி வராது. அது அவருக்குத் தெரியும், வாங்கிக்கொண்டவனுக்கும் தெரியும். சிவராத்திரியன்று கோயிலில் எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஏதோ நான்தான் கணக்கெடுப்பைக் கண்டுபிடித்தவள் போல.

எனக்கு அப்போது போடியில் ஏலக்காய்க் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தெருக்கள் கொடுத்திருந்தார்கள். காய் தரம்பிரிக்கும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டே பதில் சொல்வார்கள். வயது கேட்டால் சிரிப்பார்கள். புடவையெல்லாம் ஏலவாசனை ஏறிவிடும். தினமும் மத்தியானம் அண்ணனுக்குப் போன் அடிப்பேன். வீட்டுக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நின்றால்தான் அவருக்கு சிக்னல் கிடைக்கும்.

"வந்தாகளா அண்ணே?"

"இன்னும் வரலத்தா. வருவாரு. வர்றவருக்குன்னு நல்ல காப்பித்தூளாத் தனியா எடுத்து வச்சிருக்கேன். பாவம், இம்புட்டுத் தூரம் ஏறி வரணும்ல."

குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பாதை தெரியும்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஊரே காலி. பேச்சுத்துணைக்கு நாய்கூட இல்லை. மதினி அதையும் கூட்டிக்கொண்டு இறங்கியிருந்தார். விறகு பொறுக்கக்கூடத் தூரமாகப் போகவில்லை. அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுக்கிறவர் வந்துவிட்டால்?

அவர் வரவில்லை. அந்தப் பக்கத்துக்குப் போட்டிருந்த கணக்கெடுப்பாளர் வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த வாத்தியார். குரங்கணிவரை ஒழுங்காகத்தான் போயிருக்கிறார். அங்கே டீக்கடையில் வழி கேட்டிருக்கிறார். "மேலயா? மாசில ஒரு ஈ காக்கா இருக்காது சார். எல்லாம் கொலசாமி கும்புடப் போயிருக்கும். ஏறி எறங்கிக் கால் வலிதான் மிச்சம்" என்று சொன்னது வேறு யாருமில்லை, ஜீப்பு ஓட்டும் எங்கள் சொந்தக்காரன்தான். அவன் பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த எல்லா மாசியும் அப்படித்தான். அவருக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருக்கிறான். அவரும் நன்றி சொல்லிவிட்டு, வீடுகளெல்லாம் பூட்டியிருக்கின்றன என்று எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

எனக்கு இது தெரியவந்தபோது நாட்கள் முடியப்போயின. ஆபீசில் அந்த வாத்தியாரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவர் அழாத குறையாக நின்றார். "உங்க ஆளுதான் மேடம் சொன்னாரு" என்றார். நாளைக்கே ஏறுகிறேன் என்று கிளம்பவும் செய்தார். ஆனால் காட்டுத்தீ பயத்தில் அதற்குள் மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். அனுமதி வாங்க ஒரு கடிதம், அதற்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துப் போடுகிறவர் லீவு. எங்கள் மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஒரு தலைதான டீச்சர்? உங்க அண்ணன்தான? உங்க வீட்டுலயே சேத்து எழுதிருங்க. யாரு கேக்கப்போறா? தலை விட்டுப்போகாம இருந்தாச் சரி."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆளை விட்டுவிடக் கூடாது, அதுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அண்ணனுக்குப் போன் அடித்தேன். பாறையில் காற்று வீசும் சத்தம் கேட்டது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"அண்ணே, என் வீட்டுலயே ஒன்னைய எழுதிரவா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"கீழ எழுதாதத்தா" என்றார்.

"எழுதலைன்னா நீ எந்தக் கணக்குலயும் வரமாட்டண்ணே."

"வராட்டிப் போகுது. எங்கய்யனையும் அவுகய்யனையும் கீழதான எழுதுனாக. நானும் கீழ இருந்தேன்னு நீயே எழுதிட்டா, அப்புறம் மேல யாருத்தா இருந்தது?"

எழுதவில்லை. மார்ச் மாத இறுதியில் டி.வி.யில் நாட்டின் மொத்த மக்கள்தொகையை அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய எண்ணை வாசித்து முடித்ததும், கூட ஒன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் "என்ன?" என்றார். பருப்பு வேகவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன்.

பிறகு நடந்ததில் சொல்ல அதிகமில்லை. ஊர்ப் பட்டியல் வந்தது, எங்கள் வரியில் வழக்கம்போலக் கோடுகள். அந்த நல்ல அதிகாரி மாறுதலாகிப் போய்விட்டார். வந்தவர் கோப்பைத் திறந்தார், ஆதாரம் இல்லை என்று மனுவைத் தள்ளினார். மேல்முறையீடு, மறுபடி மனு, மறுபடி பஸ்சு. குடியில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இளைஞர்கள் திருப்பூருக்குப் போனார்கள், சிலர் கேரளத்துத் தோட்டங்களுக்கு. கடைசியாக அண்ணனும் மதினியும். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆனால் ஏலச்செடியைப் புதிதாக நடக்கூடாது, விழுந்த சுவரைக் கட்டக்கூடாது என்றால் எத்தனை காலம் ஒரு மனிதர் தாக்குப்பிடிப்பார்? காலில் அடிபட்டு அவரைத் தூளி கட்டித் தூக்கிவந்த வருடம், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போடியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனோம். திரும்பி ஏறவில்லை.

இந்த முறை எனக்குக் கொடுத்த தெருக்களில் அந்தத் தெருவும் இருந்தது. இப்போது நடப்பது வீடுகளைப் பதிவு செய்யும் முதல் சுற்று. அண்ணன் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். காலையில் வெயில் ஏறும் முன்பு போனேன். ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு சந்து. அண்ணன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மதினி காப்பி போட உள்ளே போனார்.

சுவர் என்ன, கூரை என்ன, தரை என்ன என்று நானே பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னத்தா, நீயாப் போட்டுக்கிட்டு இருக்க? என்னையக் கேளு" என்றார்.

"எனக்குத் தெரியாததாண்ணே?"

"எல்லார்ட்டயும் கேக்குறாப்ல கேளு."

கேட்டேன். சிமெண்டுத் தரை என்றார். தகரக் கூரை என்றார். குடும்பத் தலைவர் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த கேள்வி திரையில் வந்தது. அதைத் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். பதில் போடாமல் அந்தக் கைப்பேசி நகரவில்லை.

"என்னத்தா, அடுத்தது?"

"வீடு சொந்தமா, வாடகையாண்ணே?"

"எது, இதா?"

"இதுதான்."

"வாடகை." பிறகு சுவரைப் பார்த்தபடி கேட்டார். "மேல இருக்கதக் கேக்கமாட்டாகளா?"

"அதுக்குக் கேள்வி இல்லண்ணே."

அவர் தலையை ஆட்டினார். "அப்பச் சரி. போட்டுக்க" என்றார்.

கண்ணாடியைத் துடைப்பது போலக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இத்தனை வருடமாக இந்த ஊரில் யார் யார் பெயரையோ எழுதியிருக்கிறேன். என் அண்ணன் பெயரை ஒரு கணக்கில் எழுதியது அன்றைக்குத்தான் முதல் தடவை. கீழேதான் எழுதினேன்.